மது அருந்தியபின் வாகனம் செலுத்துதல்: தோட்டத்து வாகனக்காரர் அறியவேண்டிய சட்டமும் நடைமுறையும்

இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் பிரதான வீதியை விட்டுப் பிரிந்து மலைமேல் ஏறுகின்ற தோட்டத்துப் பாதைகளில், ஒரு தலைமுறைக்கு முன்னர் துரையின் காரும் தொழிற்சாலையின் லொறியுமன்றி வேறு வாகனத்தைக் காண்பது அரிதாயிருந்தது. இன்றோ பல லயங்களின் முன்னால் ஒரு முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோ நிற்கிறது. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும், அதிகாலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்வதும், சம்பள நாளில் டவுனிலிருந்து அரிசி மூட்டையை மலைக்கு ஏற்றுவதும் அந்த வண்டியே. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதை எதிர்பாராமல் ஓர் இளைஞன் தன் சொந்தப் பிரயாசையால் சம்பாதிக்கும் மார்க்கமாகவும் அது விளங்குகின்றது. அந்த வண்டி பெரும்பாலும் லீசிங் கடனில் வாங்கியதாகவும், அதனை ஓட்டும் லைசன் குடும்பத்தில் ஒருவரிடம் மட்டுமே உள்ளதாகவும் இருப்பதனால், மதுவும் வாகனமும் சம்பந்தப்பட்ட சட்டத்தைத் தோட்டத்து மக்கள் நகரத்தாரைக் காட்டிலும் கூடிய சிரத்தையுடன் அறிந்துகொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றனர்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவே இவ்விஷயத்துக்கு ஆதாரமானது. மதுவையோ போதைப்பொருளையோ உட்கொண்டபின் பெருந்தெருவில் மோட்டார் வாகனம் செலுத்துவதை அப்பிரிவு தடைசெய்கின்றது. எவ்வளவு அருந்தியவரை மது அருந்தியவராகச் சட்டம் கொள்ளும் என்ற கேள்விக்கு ஒழுங்குவிதிகள் அளவு விதித்திருக்கின்றன: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 0.08 கிராம், அதாவது 80 மில்லிகிராம் மதுசாரம். கார், லொறி, முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் யாவற்றுக்கும் இது பொருந்தும். சொந்த வண்டி, வாடகை வண்டி, தோட்டத்து வண்டி என்ற பேதமும் இல்லை. இந்தியாவில் இந்த எல்லை 30 மில்லிகிராம் மாத்திரமே. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபட்டாலும், பொதுவாக 0.08 என்ற அளவே வழங்கிவர, யூட்டா மாநிலம் மட்டும் 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதனை 0.05 ஆகக் குறைத்துக்கொண்டது. மத்திய கிழக்குக்குச் சாரதி வேலைக்குப் புறப்படும் நமது பிள்ளைகள் பிரத்தியேகமாக நினைவில் வைக்கவேண்டியது, சவூதி அரேபியா, குவைத் போன்ற தேசங்களில் மது அருந்துவதே குற்றமாதலால், அங்கு அளவைப்பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்பதாகும். இலங்கையின் அளவும் காலத்துக்குக் காலம் திருத்தப்படக்கூடியது. ஆகையால் இந்நூலில் கண்ட எண்ணை நிரந்தரமானதென்று நம்பியிராமல், அப்போதைக்கப்போது விசாரித்துக்கொள்வது உசிதம்.

எண்பது மில்லிகிராம் என்பது குவளைக் கணக்கில் எவ்வளவு என்பதே நம்மவரின் அடுத்த வினா. இதற்குத் துல்லியமான விடை எவராலும் கூறவியலாது. ஆயினும் ஒரு தோராயக் கணக்கு பலருடைய கண்களைத் திறக்கும். கடையில் விற்கும் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம். கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர் சாராயத்தில், நாற்பத்தேழு கிராமளவு சுத்த மதுசாரம் உண்டு. ஐம்பது முதல் அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண், வெறும் வயிற்றில், ஒரே அமர்வில் அதனை அருந்துவாராயின், அவருடைய இரத்தத்தில் மதுசாரம் ஏறக்குறைய 0.12 தொடங்கி 0.14 வரை ஏறும். அதில் பாதியை அருந்தியவரும் எல்லைக்கோட்டை அண்மித்தே நிற்பார். மெலிந்த தேகமுடையவருக்கும், பகல் உணவைத் தவறவிட்டவருக்கும், பெண்களுக்கும் அது இன்னும் உயரும். கித்துள் கள்ளு மதுவல்ல, உடம்புக்குக் குளிர்ச்சி என்ற எண்ணம் கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேரூன்றியிருக்கின்றது. புளித்த கள்ளில் மதுசாரம் உண்டு. சாராயத்தைவிடக் குறைவென்பதனால் அதனைக் கூடுதலாகக் குடிக்கிறார்கள், இரத்தம் இரண்டையும் ஒன்றாகவே கணக்கிடுகின்றது. கசிப்பைப்பற்றிக் கூறவேண்டியதேயில்லை: அதன் வீரியத்தைக் காய்ச்சினவரே அறியார், குடிப்பவர் எங்ஙனம் அறிவார்? மேலும், சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குக் கீழேயே நிதானம் தளரத் தொடங்கிவிடும். இவ்வளவு குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் குடிப்பதற்கு இவ்வெண்கள் தரப்படவில்லை. அவ்விதமான கணக்கை ஒருவரும் நம்பலாகாது என்பதற்காகவே தரப்படுகின்றன.

பிறிதொரு விஷயத்தை இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தோட்டத்து வாகனக்காரர் அகப்படுவதும் ஆபத்துக்குள்ளாவதும் பெரும்பாலும் இதனாலேதான் என்பது என் துணிபு. இரவு முழுதும் குடித்துவிட்டுக் காலையில் வண்டி எடுப்பவர், தூங்கி எழுந்துவிட்டதனால் தாம் தெளிந்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்புகிறார். மனிதனின் ஈரல், சராசரியாக, ஒரு மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள மதுசாரத்தை 0.015 அளவே குறைக்க வல்லது. திருவிழா இரவில் பன்னிரண்டு மணிக்கு 0.18 என்ற நிலையில் படுத்தவர், ஐந்து மணிக்கு எழும்போது இன்னும் 0.10இல் இருப்பார், முற்றாக நீங்குவதற்கு நண்பகல் ஆகும். தேசிக்காய்ச் சாறு, கறுப்புக் கோப்பி, பீலித் தண்ணீரில் குளிப்பு, மோர், வாந்தி ஆகிய எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டமாட்டா. குளித்தவர் விழிப்படைவார், அவ்வளவே. ஆறரை மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகின்ற சாரதியும், கொழுந்து லொறி ஓட்டுபவரும், முதல்நாள் இரவின் குடியை மறுநாள் வேலையின் பகுதியாகவே கருதவேண்டும். காலை வேலையுள்ள சாரதி முதல்நாள் இரவில் மதுவைத் தொடலாகாது என்பதையே இந்நூல் விதியாகப் பரிந்துரைக்கின்றது. பிள்ளைகளை அனுப்பும் தாய்மார், சாரதியின் வாயில் மணம் கண்டால், பஸ் கட்டணத்தை நினைத்துத் தயங்காமல் அன்றைக்குப் பிள்ளையை இறக்கிக்கொள்ள வேண்டும்.

வீதியில் பொலிஸார் மறித்தால் நடைபெறுவது என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருப்பவருக்குப் பதற்றம் குறையும். சாரதி மது அருந்தியிருப்பதாகப் பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சந்தேகம் எழுந்தால், அவ்விடத்திலேயே சுவாசப் பரிசோதனைக்கு உட்படும்படி கேட்கலாம். நெடுங்காலமாக உபயோகத்திலிருந்த குழாயினுள் மஞ்சள் நிறப் பளிங்குத் துகள்கள் இருக்கும். ஊதும் மூச்சில் மதுசாரம் இருந்தால் அவை பச்சையாக மாறும். இலக்கத்தைக் காட்டும் கருவிகளும் உண்டு. ஊத மறுத்துவிட்டால் சான்று இராது, ஆகவே வழக்கும் இராது என்று தவறணையில் உபதேசம் செய்பவர்களை நம்பலாகாது: மறுப்பைச் சட்டம் மறுத்தவருக்கு விரோதமாகவே எடுத்துக்கொள்ளும், அரசாங்க வைத்தியரிடம் கொண்டுசென்று பரிசோதிப்பிக்கவும் வழியுண்டு. தாம் அருந்தவில்லையென்று உறுதியாகத் தெரிந்தவர், வாக்குவாதத்தில் இறங்காமல், வைத்தியப் பரிசோதனைக்கு உடனே அனுப்பும்படி மரியாதையாகக் கேட்டு, தாம் கேட்டதைத் தம் வாக்குமூலத்திலும் பதியச்செய்வது நன்று. மணித்தியாலங்கள் கடந்தபின் எடுக்கும் பரிசோதனையால் பயன் குறையும்.

பரிசோதனையில் அகப்பட்டவர் அதற்குமேல் ஓர் அடிகூட வண்டியை நகர்த்தக்கூடாது. வண்டியைப் பொறுப்பெடுக்க, மது அருந்தாத, லைசன் உள்ள உறவினர் ஒருவரை அழைப்பிக்கக் கேட்டுக்கொள்ளலாம். அப்பொழுது சிலர் சட்டைப்பையிலிருந்து தாள்களை மடித்து நீட்டி விஷயத்தை அங்கேயே முடிக்கப் பார்க்கிறார்கள். இலஞ்சம் கொடுப்பதும் குற்றமே. ஒரு வழக்குக்குப் பதில் இரண்டு வழக்குகளைத் தேடிக்கொள்வதே அதன் பலனாகும். உத்தியோகத்தர் தாமே பணம் கேட்பாராயின், கொடுக்காமல், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

கைதுசெய்யப்பட்டவரை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்தாக வேண்டும். அதற்கு முன்னரே பொலிஸ் பிணையில் விடுவித்து, நீதிமன்றத் திகதியைக் கொடுத்தனுப்புவதும் உண்டு. சாதாரண வீதிக் குற்றங்களுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் தபால் கந்தோரில் தண்டப்பணம் கட்டி முடித்துக்கொள்வதுபோல் இதனை முடித்துக்கொள்ள இயலாது. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, ருவான்வெல்ல என எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அகப்பட்டாரோ அந்த நீதவானிடம் நேரில் செல்லவேண்டும். அன்று கொழுந்து அதிகம், கங்காணி லீவு தரவில்லை என்று திகதியைத் தவறவிட்டவர்மேல் பிடியாணை பிறக்கும். பிடியாணைக்குப்பின் அகப்படுவது முதல் குற்றத்தைவிடப் பெரிய தொல்லை.

சபரகமுவையில் இவ்வழக்குகளின் தினசரி மொழி சிங்களம். நமது மக்களுள் சந்தையில் பேசுமளவு சிங்களம் அறிந்தவர் அநேகர். வாக்குமூலத்தையும் குற்றப்பத்திரத்தையும் வாசித்தறியுமளவு கற்றவர் சிலரே. இந்த வித்தியாசத்தினால் எத்தனையோ பேர் தாம் சொல்லாததைச் சொன்னதாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்பதே என் நெஞ்சில் உறுத்தும் சங்கதி. ஆதலால் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வாக்குமூலம் தமிழில் வாசித்து விளக்கப்படும்வரை கையொப்பமிட வேண்டாம். நீதிமன்றத்தில் வழங்கும் மொழி விளங்காத தரப்பினர், அரசின் செலவில் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறுவதற்கு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமையளிக்கின்றது. பெயர் கூப்பிட்டதும், வெட்கப்படாமல், தமக்குச் சிங்களம் சரியாக விளங்காது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதவானிடம் கேட்பது எவ்விதத்திலும் அவமரியாதையாகாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் ஸ்தாபிக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எங்குள்ளதென்று நீதிமன்றக் கந்தோரிலேயே விசாரிக்கலாம். நீதிமன்ற வாசலில் தாமாகவே வந்து கைபிடித்து அழைக்கும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

தண்டனையைப்பற்றி இனிச் சொல்வோம். 2019ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர், எவருக்கும் காயமேதும் நேராதிருப்பினும், மது அருந்தி வாகனம் செலுத்திய குற்றத்துக்கு 25,000 ரூபாவுக்குக் குறையாத, 30,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டப்பணமோ, மூன்று மாதங்கள் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். லைசன் ஓராண்டு வரை இடைநிறுத்தப்படலாம். காயம் உண்டானால் அதன் தாரதம்மியத்துக்கேற்பத் தண்டமும் சிறையும் ஏறிச்செல்லும். மரணம் சம்பவிக்குமாயின் தண்டப்பணம் ஓர் இலட்சத்துக்குக் குறையாது, சிறை பத்தாண்டுகள் வரை நீளலாம், லைசனும் இரத்தாகும். குறைந்தபட்சத் தொகை சட்டத்திலேயே விதிக்கப்பட்டிருப்பதனால், ஏழை என்று மன்றாடினாலும் நீதவான் 25,000க்குக் கீழே இறங்கவியலாது என்பதை நினைவிற்கொள்க. ஆயினும் ஒரே நாளில் கட்டமுடியாதவர் காலஅவகாசமோ தவணையோ கேட்கலாம். கேட்காமல் வாளாவிருந்து, பணம் கட்டாததற்காகச் சிறை செல்வோர் பரிதாபத்துக்குரியவர்.

2024 செப்ரெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமாகிய 1,350 ரூபாவைக் கொண்டு பார்த்தால், 25,000 ரூபா என்பது பத்தொன்பது நாட்களுக்குச் சற்றுக் குறைந்த உழைப்பு. மாதத்தில் அத்தனை நாள் வேலை கிடைக்காத தோட்டங்களும், மழையால் பால்வெட்டு நின்றுபோகும் இறப்பர்த் தோட்டங்களும் நம் மாகாணத்தில் அநேகம். கணவன் செலுத்தவேண்டிய தண்டத்தை மனைவியின் கொழுந்துக்கூடையே செலுத்துவதை நாம் காண்கிறோம். தீபாவளி முற்பணமும், காதிலிருந்த தோடும், சீட்டுப்பணமும் இவ்வழியே போகின்றன. தண்டப்பணம் ஒருமுறையோடு முடியும். லைசன் நிறுத்தப்பட்ட மாதங்களில் லீசிங் தவணை மட்டும் நிற்பதில்லை. இரண்டு மூன்று தவணை தவறியபின் கம்பனியார் வந்து வண்டியைக் கொண்டுபோவதே இத்தண்டனையின் மிகக் கொடிய பகுதி. சட்டப்புத்தகத்தில் அது எழுதப்படவில்லையாயினும் லயத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். லைசன் நிறுத்தப்பட்டதும், முதற்காரியமாக, கடன் கம்பனிக்குச் சென்று தவணையை மாற்றியமைக்கக் கேட்பதும், லைசனுள்ள நம்பகமான ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்தி வண்டியை ஓட்டுவிப்பதும் விவேகம். மைத்துனன் நன்றாக ஓட்டுவான் என்று லைசனில்லாதவரிடம் கொடுப்பவர்மேலும், லைசனின்றி ஓட்டுபவர்மேலும் தனித்தனி வழக்குகள் உண்டு. அவற்றின் தண்டமும் 25,000 ரூபாவிலிருந்தே ஆரம்பமாகின்றது.

தோட்டத்துக்குள் ஓடினால் பொலிஸ் என்ன செய்யும் என்று சிலர் கேட்பதுண்டு. தோட்டத்துப் பாதையில் சோதனைச்சாவடி இராது என்பது மெய்தான். பாதுகாப்புச் சுவரும், வெளிச்சமும், அகலமும் அங்கே இரா என்பதும் மெய்யே. இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் பிரதேசங்களுள் ஒன்றான இரத்தினபுரி மாவட்டத்தில், சேறு படிந்த ஒற்றைத்தடத்தில், பள்ளத்தை நோக்கித் திரும்பும் வளைவில், தெளிந்த மூளைக்கே ஒரு கணத் தவறு போதும். அசிரத்தையாலோ அவசரத்தாலோ ஒருவருக்கு மரணம் விளைவித்தவரைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறையிலிட வல்லது. அப்பிரிவு பெருந்தெரு, தோட்டத்துப் பாதை என்று இடம் பார்ப்பதில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால், எவ்வளவு குடித்திருந்தாலும், தப்பியோடுவது மகா பாதகம். வண்டியை நிறுத்தி, காயப்பட்டவருக்கு உதவிசெய்து, பொலிஸுக்கு அறிவிப்பது சட்டத்தின் கட்டளை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் அவசர இலக்கம் 119. தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்பவேண்டுமென்பதையும் தெளிவாகச் சொல்லி, ஓர் ஆளைச் சந்திக்கு அனுப்பி வழிகாட்டச்செய்க. காப்புறுதியைப்பற்றியும் மயக்கம் வேண்டாம்: முழுக் காப்புறுதி எடுத்தவராயினும், மதுபோதையில் ஓட்டி நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பில்லையென்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்தில் பொதுவாகக் காணலாம். நொறுங்கிய வண்டியும் மிச்சக் கடனும் சொந்தக்காரர் தலையிலேயே விழும்.

மாரியம்மன் திருவிழா, தீபாவளி, கலியாணம், கருமாதி, சம்பள நாள் ஆகியவை நம் தோட்டங்களில் மது பெருகும் தருணங்கள் என்பதை எவரும் மறைக்கத் தேவையில்லை. போயா தினத்தில் மதுக்கடை மூடப்படுவதனால், முதல்நாளே வாங்கிச் சேர்ப்பதும், அதுவும் தீர்ந்தபின் கசிப்பைத் தேடிப் பக்கத்து டிவிஷனுக்கு மோட்டார் சைக்கிளில் மூவராய்ப் போவதும் நடக்கின்றன. இந்நாட்களுக்கான ஏற்பாட்டைக் குடி ஆரம்பிப்பதற்கு முன்னரே செய்தாக வேண்டும். குடித்தபின் எவரும் தம்மைப் போதையிலிருப்பவராகக் கருதுவதில்லை. கோயில் கமிட்டியும் தோட்டத் தலைவரும் சேர்ந்து, திருவிழாவின் ஒவ்வோர் இரவுக்கும் குடிக்காத இரு சாரதிகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கோயில் சுவரில் எழுதி ஒட்டி, அவர்களுடைய நட்டத்துக்கு ஈடாகத் திருவிழா நிதியிலிருந்து ஒரு தொகை கொடுப்பது செலவு மிகுந்த காரியமன்று. சகல வண்டிச் சாவிகளையும் அன்று மாலையே ஒரு பெரியவரிடம், கூடுமானால் வீட்டின் மூத்த பெண்ணிடம், ஒப்படைத்துவிடலாம். தாய்மாமனே குவளையை நீட்டும்போது மறுப்பது மரியாதைக் குறைவென்று அஞ்சும் இளைஞர்க்கு, "மாமா, கோவிச்சுக்காதீங்க, இன்னைக்கி நான்தான் வண்டி, அத்தையும் புள்ளைகளும் என் கூடத்தான் ஏறுது" என்ற வார்த்தை போதுமானது. அத்தையின் பெயரைச் சொன்னபின் வற்புறுத்தும் மாமன் நம் மலைகளில் அபூர்வம். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருப்பதனால், பையன்களைக் கடைக்கு அனுப்பும் வழக்கமும் நிற்கவேண்டும்.

இத்தனைக்கும் பின் ஒருவர் கையில் சாவியோடு தள்ளாடி நிற்பாராயின், அவரோடு தர்க்கிப்பதில் பிரயோஜனமில்லை. சாவியை வாங்கி ஒளித்துவிட்டு, "அண்ணே, காலையில தாறேன், இப்ப படுங்க" என்று படுக்கவைப்பவரே அவருடைய உற்ற நண்பர். தினந்தோறும் குடித்தேயாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட சாரதிக்கு இந்த யோசனைகளெல்லாம் போதா. அது வைத்தியம் வேண்டிய நோய். இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் அவரைக் காட்டலாம். செல்லத் தயங்கும் குடும்பத்தார் தேசிய மனநல உதவி இலக்கமாகிய 1926க்கு முதலில் பேசலாம். அவர் குணமாகும்வரை வண்டியின் சாவி அவரிடம் இருத்தல் கூடாது. தவணை கட்டவேண்டியிருந்தாலும், மேலே சொன்னவாறு, லைசனுள்ள பிறிதொருவரே ஓட்டட்டும்.